சாந்து பூசாத சுவர்

வங்கியில் அடமானப் பத்திரங்களைப் படித்துக் குறிப்பெடுப்பது என் வேலைகளில் ஒன்று. கம்மாபுரத்தையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்த பத்திரங்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. வடக்கே இன்னார் மனை, தெற்கே பொதுப்பாதை, கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் வீட்டுச் சுவர். இந்தச் செக்குபந்திக்கு உட்பட்ட இத்தனை சதுரடி மனையும், அதில் கட்டியுள்ள ஓட்டு வீடும், கதவு நிலை ஜன்னல் கிணறு மின் இணைப்பு சகிதம். அத்தோடு சரி. பத்திரம் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிலைப்படியில் நின்றுவிடுகிறது. உள்ளே யார் எதன்மேல் படுக்கிறார்கள், விளக்கு எங்கே இருக்கிறது, நெல்லை எதில் கொட்டி வைக்கிறார்கள் என்பதெல்லாம் பத்திரத்துக்கு வேண்டியதில்லை. வங்கிக்கும் வேண்டியதில்லை.

ஓய்வு நாட்களில் விருத்தாசலம் போய், பழமலைநாதர் கோயில் சுவரில் கல்வெட்டுகளை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. படித்தேன் என்று சொல்வது அதிகம். அச்சில் வந்த பாடத்தைப் பார்த்துக்கொண்டு கல்லில் அந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுவேன், அவ்வளவுதான். அப்படித் தேடிக்கொண்டிருந்த ஒரு நாள்தான் உறைத்தது: வங்கியில் நான் படிப்பதும் இங்கே படிப்பதும் ஒரே உரைநடை. கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை. இவ்விசைத்த பெருநான்கெல்லைக்கு உட்பட்ட மனையும் மனைப்படப்பையும், மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும். உடும்பு ஓடிய இடம், ஆமை தவழ்ந்த இடம் வரை சொல்லுகிற சோழ காலத்துக் கணக்கன் வீட்டுக்குள் மட்டும் காலெடுத்து வைக்க மாட்டேன் என்கிறான். ஆயிரம் வருஷமாக நாம் வீட்டை வெளியிலிருந்தே எழுதி வந்திருக்கிறோம்.

இது பெரிய விஷயமா என்று நண்பர்கள் கேட்கலாம். இலக்கியத்தில் அக்கறை உள்ளவனுக்குப் பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன். நம் வாரப் பத்திரிகைச் சரித்திரத் தொடர்கதைகளைப் பற்றி இந்த மாதிரிப் பக்கங்களில் போதுமான அளவுக்கு ஏளனம் செய்தாகிவிட்டது. அவற்றின் சப்ரமஞ்சக் கட்டில்களும் பட்டுத் திரைகளும் சரவிளக்குகளும் சினிமா செட்டிலிருந்தும் நாடகக் கம்பெனிப் படுதாவிலிருந்தும் வந்தவை என்பது நமக்குத் தெரியும். ஆனால் நம்மிடம் அதற்கு மாற்றாக என்ன இருக்கிறது? நம் கவிஞர்களின் பூர்வீக வீட்டைப் பாருங்கள். திண்ணை, முற்றம், முற்றத்தில் விழும் மழை, தூணைக் கட்டிக்கொண்டு நிற்கும் பாட்டி. தொடர்கதை எழுதுகிறவன் அறையைச் சாமான்களால் நிரப்பினான். நாம் அதை ஏக்கத்தால் நிரப்புகிறோம். இரண்டு பேருமே அந்த அறைக்குள் போய்ப் பார்த்ததில்லை. அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவில் நின்றே பேச வேண்டும் என்ற கேள்வி இரண்டிலும் எழுவதில்லை.

உள்ளே போகச் சான்றுகள் குறைவு என்பது உண்மை. கல் கடவுளுக்கு, மண்ணும் மரமும் ஓலையும் மனிதனுக்கு என்று இங்கே ஒரு பாகப்பிரிவினை இருந்திருக்கிறது. அரசனே இதற்கு விலக்கில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் ஆயிரம் வருஷம் கழித்தும் நிற்கிறது. அதைக் கட்டிய ராஜேந்திரனின் அரண்மனை பக்கத்தில் மாளிகைமேடு என்ற மண்மேடாகக் கிடந்தது. 1980-களில் தொல்லியல் துறையினர் தோண்டியபோதும், 2021-இலிருந்து மறுபடி தோண்டியபோதும் கிடைத்தவை செங்கல் சுவரின் அடிப்பகுதி, கூரை ஓடு, இரும்பு ஆணி, சீனப் பீங்கான் சில்லுகள், மரத்தூண்களை நிறுத்துவதற்கான கருங்கல் அடிகள். தூண்கள் இல்லை. கடாரம் வரை கப்பல் அனுப்பியவன் மரத்தூணும் ஓட்டுக் கூரையும் உள்ள வீட்டில் இருந்திருக்கிறான். ஓடு மனதுக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஊர்ப் பத்திரங்களின் ‘ஓட்டு வீடு’ என்ற சொல்லுக்குத் திடீரென்று ஒரு வம்சாவளி கிடைத்த மாதிரி.

அரண்மனைகளின் உட்புறத்தைப் பற்றிக் கல்வெட்டுகள் வாய் தவறிச் சொல்லிவிடுகிற சில இடங்கள் உண்டு. ராஜராஜன் தஞ்சைக் கோயிலுக்குக் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்ன உத்தரவை எங்கே இருந்து பிறப்பித்தான்? அரண்மனையின் கீழைத் திருமஞ்சன சாலையில் இருந்து. குளிக்கிற கூடம். கங்கைகொண்ட சோழபுரத்தில் பின்னால் வந்த அரசன் ஒருவனின் சிம்மாசனத்துக்கு மாவலி வாணராஜன் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆசனத்துக்கே பெயர் வைக்கிற அளவுக்கு ஆசனங்கள் குறைவு என்று எனக்குத் தோன்றுகிறது. வீடு நிறைய நாற்காலி போட்டிருக்கிறவன் நாற்காலிக்குப் பெயர் வைப்பதில்லை.

ஆனால் ஒரே ஒரு குடும்பத்தலைவரின் வீட்டுச் சாமான்கள் மட்டும் ஒன்று விடாமல் எழுதப்பட்டிருக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் தளிகை, வட்டில், கெண்டி, தட்டம், கலசப்பானை, காளாஞ்சி, படிக்கம் என்று பட்டியல் போகிறது. பொன்னால் செய்தது எது, வெள்ளியால் செய்தது எது, ஆடவல்லான் என்ற எடைக்கல்லால் நிறுத்தபோது எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி. வெற்றிலை துப்பும் கலம் வரைக்கும் எடை போட்டிருக்கிறது. நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்து மேசைத் தராசைப் பார்த்தே பழகிய எனக்கு அந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு தொழில்ரீதியான பரவசம் உண்டாவதை மறைப்பதற்கில்லை. இங்கிலாந்தில் இடைக்காலத்தின் கடைசியில் ஓரளவு வசதி உள்ள வியாபாரி செத்தாலே அவன் வீட்டுச் சாமான்களைப் பட்டியல் போட்டார்கள்: படுக்கை இத்தனை, பித்தளைப் பானை இத்தனை, மெத்தை உறை இத்தனை. ஆங்கில இலக்கியம் படித்த எல்லோருக்கும் ஷேக்ஸ்பியர் 1616-இல் எழுதிய உயிலில் மனைவிக்கு விட்டுப்போன ‘இரண்டாந்தரக் கட்டில்’ தெரியும். கம்பனுடைய கட்டில் நமக்குத் தெரியாது, கட்டில் இருந்ததா என்பதே தெரியாது. நமக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளியறையில் பெருமானுக்குப் போட்ட கட்டில்தான்.

அதே கல்வெட்டுத் தொகுதியில் இன்னொரு பட்டியல் இருக்கிறது. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைத் தெருத் தெருவாகக் குடியமர்த்திய கணக்கு. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, முதல் வீடு இன்னாள். இரண்டாம் வீடு இன்னாள். ஒவ்வொருத்தியும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்ற விவரமும் உண்டு. ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் வருகிற ஒரு பங்கு. ஒரு தபால்காரன் இந்தக் கல்வெட்டை வைத்துக்கொண்டு இன்றைக்கும் கடிதம் பட்டுவாடா செய்துவிடலாம். கதவைத் தட்டலாம். கதவு திறந்தால் என்ன தெரியும் என்பதற்கு மட்டும் ஒரு சொல்கூடக் கிடையாது. 400 கதவு, 400 பெயர், உள்ளே இருட்டு.

இருட்டு என்று நான் உவமையாகச் சொல்லவில்லை. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய ராஜராஜன் வைத்த கணக்கு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. இடையன் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். வருஷத்துக்குச் சுமார் 91 நாழி. (இந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடு. எங்களிடம் கடன் வாங்கி வாங்கிய ஆடுகள் ஆறே மாதத்தில் செத்துவிடுவதாக விண்ணப்பங்கள் வருகின்றன. அந்தக் காலத்துக் கடன் அதிகாரிகள் கெட்டிக்காரர்கள், ஆட்டைச் சாகவே விடவில்லை.) ஒரு சுடர் அணையாமல் எரிய ஒரு மந்தை வேண்டும் என்றால், ஒரு குடியானவன் வீட்டில் சுடர் எத்தனை நாழிகை எரிந்திருக்கும்? பொழுது சாய்ந்து சோறு உண்டு முடிகிறவரை என்று வைத்துக்கொள்ளலாம். நெய் அல்ல, இலுப்பை எண்ணெயோ ஆமணக்கெண்ணெயோ. சுவரில் குடைந்த மாடக்குழியில் ஓர் அகல். பிறகு அதையும் ஊதிவிடுவார்கள்.

இந்த வெளிச்சத்தில் வைத்துத்தான் மற்றதையெல்லாம் பார்க்க வேண்டும். பகலிலும் உள்ளே வெளிச்சம் குறைவுதான். கூரை தாழ்ந்திருக்கும், ஜன்னல் என்பது பெரும்பாலும் கிடையாது. சாமான்கள் தரையில் இருப்பதைவிட மேலே தொங்குவதுதான் அதிகம்: உறி, பரண், கொடி, எரவாணத்தில் செருகிய அரிவாள். எலியும் எறும்பும் ஈரமும் தரையில் இருக்கிறபோது வீட்டின் செல்வம் மேலே ஏறிக்கொள்கிறது. தரையில் இருப்பவை நகர்த்த முடியாத கனமுள்ளவை. அம்மி, உரல், குதிர். எங்கள் பக்கத்தில் குதிரின் ஒரு வகையைத் தொம்பை என்பார்கள். நெசவாளர் வீடானால் கூடத்தில் பாதியைத் தறிக்குழி எடுத்துக்கொள்ளும். தறிதான் அங்கே மேசை, கட்டில், நாற்காலி எல்லாம். அந்தத் தறிக்கு வரி உண்டு. விஜயநகர காலத்தில் வாசலுக்கும் பணம் வாங்கியிருக்கிறார்கள். வாசல்பணம் என்றே பெயர். வீட்டுக்குள் எட்டிப் பார்க்காத அரசாங்கம் வாசலை எண்ணுவதற்கும் தறியை எண்ணுவதற்கும் தவறவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்து எழுதியவர் ஓர் அந்நியர். 13-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. அவர் சொல்லுகிற பல விஷயங்களுக்கு உப்புப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஆனால் வீட்டைப் பற்றிச் சொல்கிற இடத்தில் கண்ணால் கண்ட சாயல் இருக்கிறது. வீடு முழுக்கச் சாணம் மெழுகுகிறார்கள். சின்னவர் பெரியவர் எல்லோரும், அரசன் உட்பட, தரையில்தான் உட்காருகிறார்கள். ஏன் என்று கேட்டால், மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்குத்தான் போவோம், மண்ணில் உட்காருவதுதான் மரியாதை என்கிறார்கள். படுப்பதற்கு லேசான பிரம்புக் கட்டில். ஏறிப் படுத்த பிறகு அதைக் கயிற்றால் கூரைக்குக் கிட்டே இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். விஷப் பூச்சிகளுக்கும் உண்ணிக்கும் தப்பவும், காற்று வாங்கவும். ஆனால் இது பெரிய மனிதர்களுக்குத்தான், மற்றவர்கள் தெருவில் படுக்கிறார்கள் என்று கூடவே ஒரு வாக்கியம்.

நம் பண்பாட்டுப் பெருமை பேசுகிறவர்கள் இதில் மண்ணைப் பற்றிய பதிலை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். எளிமை, சமத்துவம், துறவு மனப்பான்மை. எனக்குக் கடைசி வாக்கியம்தான் முக்கியமாகப் படுகிறது. அரசனும் தரையில், ஆண்டியும் தரையில் என்பது வெனிஸ்காரர் கண்ணுக்குத் தெரிந்த சமத்துவம். அவர் நாற்காலியைத் தேடினார், காணவில்லை. நாற்காலி இல்லாத அறையில் அந்தஸ்து எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிய நியாயம் இல்லை. அது அங்குலக் கணக்கில் இருக்கும். பாய்க்கும் தடுக்குக்கும் உள்ள வித்தியாசத்தில் இருக்கும். ஒன்றரை அங்குலம் உயரமுள்ள மணைப்பலகை யாருக்குப் போடப்படுகிறது என்பதில் இருக்கும். திண்ணையின் உயரம், திண்ணைக்குக் கீழே ஒட்டுத்திண்ணை, அதற்கும் கீழே படி, படிக்கும் கீழே வாசல், வாசலுக்கு வெளியே தெரு. எங்கே நிற்கலாம், எதுவரை ஏறலாம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் எழுதி ஒட்டியதில்லை. ஐரோப்பிய வீட்டில் அந்தஸ்து சாமான்களில் இருந்தது என்றால் நம் வீட்டில் அது தரையிலேயே இருந்தது. காலி அறை என்று நாம் நினைப்பது காலி அல்ல.

கூரைக்கு இழுத்துக் கட்டுகிற கட்டில்தான் ஊஞ்சலின் மூதாதையோ என்று ஒரு சந்தேகம். 1520-ஐ ஒட்டி விஜயநகரம் வந்த போர்ச்சுகீசிய வியாபாரி டொமிங்கோ பயஸ் அரண்மனையில் வெள்ளிச் சங்கிலிகளில் தொங்கிய கட்டில் ஒன்றைப் பார்த்திருக்கிறார்; அதன் கால்கள் பொன். இன்னோர் அறை முழுக்க யானைத் தந்த வேலைப்பாடு. கயிறு வெள்ளிச் சங்கிலியாகிவிட்டது, பூச்சிக்குப் பயந்து ஏறியது பெருமைக்காகத் தொங்குகிறது. இதை இதற்கு மேல் வளர்த்துவது என் சக்திக்கு மீறியது, கலைவரலாற்றுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் சொல்ல வந்தது சுவரைப் பற்றி.

கரூர் பசுபதீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சோழ ஆட்சி தேய்ந்துவந்த காலத்தையும் அதற்கு அடுத்த காலத்தையும் சேர்ந்த இதே மாதிரி ஆணைகள் கொங்கு நாட்டில் வேறு ஊர்களிலும் உண்டு. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தோடு அரசன் ஒருவன், வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு மூன்று விஷயங்களை அனுமதிக்கிறான். நல்லது கெட்டதுகளுக்கு அவர்கள் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை முதலானவற்றைக் கொட்டுவிக்கலாம். வெளியே போகும் இடங்களுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போகலாம். தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்.

முதல் தடவை இதைப் படித்தபோது மூன்றாவதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. சங்கும் செருப்பும் கண்ணில் படுகிற, காதில் விழுகிற கௌரவங்கள். அவற்றை ஒருவன் மறுப்பான், ஒருவன் கேட்பான் என்பது புரிகிறது. சாந்து? சுண்ணாம்புக் குழம்பு. அதற்கு அரசன் ஆணையா? ஆணை வேண்டியிருந்தது என்றால், ஆணைக்கு முன்னால் பூசக்கூடாது என்றுதானே அர்த்தம். கோயில் விமானத்துக்கும், மாளிகைச் சுவருக்கும் சாந்து அரைத்துப் பூசுவதற்கான கருவிகளை எல்லாம் செய்து கொடுத்தவன், கதவு இழைத்தவன், கல் செதுக்கியவன், பொன் உருக்கியவன், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வெறும் மண்சுவர்.

இதே கண்ணோடு பழைய செப்பேடுகளைத் திரும்பப் புரட்டினால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. பிராமணர்களுக்கும், நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கும் ஊர்களைத் தானமாகக் கொடுத்த சோழச் செப்பேடுகளில், தானம் பெற்றவர்களுக்கு உள்ள உரிமைகளின் வரிசை வரும். சுட்ட செங்கல்லால் மாடமும் மாளிகையும் எடுக்கலாம். கிணறு தோண்டலாம். தென்னை வைக்கலாம், அதில் கள் இறக்குகிறவர்கள் ஏறக்கூடாது. மருவும் தவனமும் நடலாம். புத்தகங்களில் இதை வளமான வாழ்வின் சித்திரமாக எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு இது இப்போது ஒரு லைசென்ஸ் மாதிரித் தெரிகிறது. சுட்ட செங்கல் ஓர் உரிமை. மாடி ஓர் உரிமை. கிணறு ஓர் உரிமை. வாசனைச் செடி ஓர் உரிமை. ஊர்களின் இறையிலி நிலங்களைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டு, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு ஒரே மூச்சில் பறைச்சேரியையும் கம்மாணசேரியையும் சொல்லிவிட்டுப் போகிறது. நத்தம் வேறு, சேரி வேறு. இவற்றில் கம்மாணசேரிக்காரர்களுக்காவது பிற்காலத்தில் ஒரு மூலையில் சாந்துக்கு ஓர் ஆணை கிடைத்தது. மற்றச் சேரிக்கு அப்படி ஓர் ஆணை இருப்பதாக நான் எங்கும் படித்ததில்லை.

சாந்து வெறும் அலங்காரம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சாந்து பூசிய சுவர் மழைக்குக் கரையாது, செல் ஏறாது, பொந்து விழாது. எல்லாவற்றுக்கும் மேல், வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். அதே ஓர் அகல், அதே ஒரு கரண்டி எண்ணெய். வெள்ளைச் சுவர் உள்ள அறையில் முகம் தெரியும், மண்சுவர் அறையில் சுடர் மட்டும்தான் தெரியும். விளக்குக்கு ஆட்டு மந்தை வேண்டியிருந்த காலத்தில், சாந்தை மறுப்பது என்பது இரவில் சில நாழிகைகளை மறுப்பது.

என் தாத்தா தச்சர். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அவர் இழைத்த நிலைகள் இன்னும் சில வீடுகளில் நிற்கின்றன. நிலையின் மேல்கட்டையில் நடுவே ஒரு தாமரை, இரு பக்கமும் கிளி. கிளியின் மூக்கை அவர் செதுக்குகிற விதத்தை வைத்து எது அவருடையது என்று அப்பா கண்டுபிடித்துவிடுவார். எங்கள் வீட்டு வாசலுக்கு அந்த மாதிரி நிலை கிடையாது. வேலையில் மிஞ்சிய துண்டுகளை வைத்து அடித்த கதவு, குனிந்துதான் நுழைய வேண்டும். ஏன் தாத்தா என்று சின்ன வயதில் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். “நமக்கெதுக்குடா அதெல்லாம், நாலு பேரு கண்ணு படும்” என்றார். அவருக்குக் கரூர்க் கல்வெட்டு தெரியாது. யாரும் அவரைத் தடுத்ததாகவும் நான் கேள்விப்பட்டதில்லை. தடுக்க அவசியமே இல்லாமல் போயிருந்தது. கண்ணு படும் என்ற சொல்லைப் பயம் என்று எடுத்துக்கொள்வதா, அடக்கம் என்று எடுத்துக்கொள்வதா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானம் இல்லை. எளிமை என்று எடுத்துக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை. எளிமைக்கு ஒருவனுக்கு இரண்டு வழிகளாவது திறந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் விருத்தாசலத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 1429-இல், இரண்டாம் தேவராயன் ஆட்சியில், இந்த வட்டாரத்தில் வலங்கை 98 சாதியும் இடங்கை 98 சாதியும் ஒன்றுகூடி எடுத்த முடிவு அங்கே கல்வெட்டாக இருக்கிறது. குறுக்கை, ஆடுதுறை முதலிய ஊர்களிலும் இதே வருஷத்தின் கல்வெட்டுகள் உண்டு. ஒன்றோடொன்று சண்டைக்கே பேர் போன இரண்டு கைகள், அதிகாரிகளும் பிராமண வெள்ளாளக் காணியாளர்களும் வரிக்கு மேல் வரியாகப் பிழிந்ததைப் பொறுக்க மாட்டாமல் சேர்ந்துவிட்டன. காணியாளர்களுக்கு அடைக்கலம் கொடுக்கக்கூடாது; அவர்களுக்குக் கணக்கு எழுதக்கூடாது; மீறினவர்களைக் கொல்லலாம். கணக்கெழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் அந்த இரண்டாவது ஷரத்து என்னை எப்போதும் சங்கடப்படுத்தும். ஐந்நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் தூரத்தில், எழுதுகிறவனுடைய கை எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார்கள். வாசலையும் தறியையும் எண்ணியது யாருடைய எழுத்தாணி என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அது வெகு காலத்துச் சங்கதி என்று ஆறுதல் கொள்ளவும் முடியவில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஒரு பிரிவினர் தாழ்த்தப்பட்டவர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அவற்றைத் தம் நூலில் வரிசையாகக் கொடுத்திருக்கிறார். பொன் வெள்ளி நகை கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது, பெண்கள் மேலாடை போடக்கூடாது, குடை செருப்பு கூடாது. நடுவில் ஒன்று: வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. மற்றதெல்லாம் தெருவில் கண்காணிக்க முடிந்தவை. இது ஒன்று அடுப்படிக்குள் வருகிறது. பித்தளைச் செம்பு ஒன்று அந்தக் குடிசைக்குள் இருக்கிறதா இல்லையா என்பதை யாரோ ஒருவன் குனிந்து நுழைந்து பார்க்க வேண்டும். கல்வெட்டுக் கணக்கன் நுழையாத வீட்டுக்குள் இவர்கள் நுழைந்திருக்கிறார்கள். மண்பாண்டத்தின் அழகைப் பற்றி நம்மில் சிலர் எழுதுகிற கவிதைகளைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு இந்த ஷரத்து ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. மண்பாண்டம் அழகுதான். அதை வைத்துக்கொண்டவர்களில் எத்தனை பேருக்கு வேறு எதையும் வைத்துக்கொள்ள விடுப்பு இருந்தது?

போன வருஷம் ஒரு கடன் விண்ணப்பத்துக்காக அதிகாரியோடு பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனேன். நாட்டு ஓடு வேய்ந்த வீடு. அதிகாரி உட்கார அடுத்த வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. தெருப்பக்கத்துச் சுவர் சிமெண்ட் பூசி, வெள்ளை அடித்து, வாசலுக்கு மேல் வருஷம் எழுதியிருந்தது. நான் உள்ளே குனிந்து போனேன். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மூன்று சுவரும் செம்மண். ஒரு மூலையில் தொம்பை, அதன்மேல் பழைய பள்ளிக்கூடப் புத்தகங்கள். மேலே உறி, உறியில் பானை இல்லை, மடித்த போர்வைகள். சுவரில் மாடக்குழி இருந்தது; அதில் கைப்பேசி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் எனக்குப் பின்னாலேயே வந்து நின்றார்கள். “முன்னாடி மட்டும் பூசியிருக்குது சார். உள்ளாறதான் பூசணும்” என்றார்கள், ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி.

வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். செக்குபந்தி எழுதினேன். நோக்கம் என்ற கட்டத்தில் வழக்கமாக எழுதுவதையே எழுதினேன்.

“என்னா சார் எழுதுனீங்க?”

“வீடு பழுது பார்க்கன்னு எழுதியிருக்கேம்மா.”

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார்கள். “பழுதுன்னு எழுதாதீங்க சார். சாந்து பூசன்னு எழுதுங்க.”

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்பது விதி. போட்டேன்.